எதெல்வினா பேரில் இருந்த கணக்கு

எதெல்வினா திருடி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்தையில் பாதிப் பேர் இன்றைக்கும் இந்த ஒரே வாதத்தை வைத்துக்கொண்டுதான் என் கடை முன்னால் வந்து மல்லுக்கு நிற்கிறார்கள். ஒரு காசு குறைந்ததா, ஒரு சென்டிமோ குறைந்ததா என்று கேட்கிறார்கள். குறையவில்லை. அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது. திருடியிருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

என் பேர் பெலிசிட்டா. லீமாவின் வடக்கு மேட்டில் இருக்கிற இந்தச் சந்தையில் ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். எதிர் வரிசையில் எதெல்வினாவின் கோழிக் கடை. அவளும் நானும் ஒரே வருஷத்தில் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். தகரக் கூரை போடாத காலத்திலேயே இங்கே தரையில் சாக்கு விரித்து விற்றவர்கள். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவே, வாசலை ஒட்டி, ஒரு தள்ளுவண்டியில் எண்ணெய்ச் சட்டியை வைத்துக்கொண்டு நிற்பவள் யுலைமா. வெனிசுவேலாக்காரி. நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி.

முதல் முதலாக அவள் என் கடைக்கு வந்தபோது தூறலில் நனைந்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, மகள் நசரேத். பால் கலக்கச் சுடுதண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அதற்குக் காசு நீட்டினாள். சுடுதண்ணீருக்குக் காசு வாங்கினால் என் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து அறைவாள் என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு சந்தையின் கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். மரகாய்போ அவள் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு மெதுவாகச் சிரிக்கவே தெரியாது. புருஷன் சிலிக்கு வேலை தேடிப் போயிருந்தான். முதலில் போன் வந்தது, பிறகு குறுஞ்செய்தி, பிறகு அதுவும் நின்றது. அதைப் பற்றி அவள் அழுது நான் பார்த்ததில்லை. லீமாவின் ஈரக் குளிரைத் திட்டுவதற்கே அவளுக்கு நேரம் போதவில்லை.

எங்கள் வழக்கப்படி ஜூஸ் குடித்து முடித்ததும் டம்ளரை நீட்டினால், மிக்சியில் மிச்சம் இருப்பதைச் சும்மா ஊற்றித் தருவோம். யாப்பா என்போம். எதெல்வினா இரண்டு தடவை நீட்டுவாள். யுலைமா ஒரு தடவைகூட நீட்டியதில்லை. நானாக ஊற்றினால் குடிப்பாள். மனிதர்களை நான் இதை வைத்துத்தான் எடை போடுவேன். ஆனால் எதெல்வினா விஷயத்தில் என் தராசு எனக்கே புத்தி சொல்லவில்லை. கூடக் கொஞ்சம் கேட்பது அவள் சுபாவம் என்று விட்டுவிட்டேன்.

யுலைமா போட்டது தெக்கேன்யோ. விரல் நீளச் சீஸ் துண்டை மாவில் சுற்றி எண்ணெயில் பொரிப்பது. முதல் வாரம் எங்கள் ஆட்கள் மூக்கைச் சுளித்தார்கள். அடுத்த மாதம் வரிசையில் நின்றார்கள். பிறந்தநாள், கல்யாணம், கால்பந்து என்று பொரிக்காத தெக்கேன்யோவைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போனார்கள். காசு வந்தது. வைக்கத்தான் இடமில்லை. அவள் தங்கியிருந்த அறையின் கதவை ஒரு குழந்தை தள்ளினாலும் திறக்கும். ஒரு நாள் யாரோ தள்ளித் திறந்து, மெத்தைக்கு அடியில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் ஊரில் அவள் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள். பத்துப் பதினோரு வருஷம் மற்றவர்களுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தவள். இங்கே ஒரு கணக்குத் திறக்க அவள் ஏறி இறங்காத வங்கி இல்லை. தற்காலிக அனுமதி அட்டையைக் காட்டினால், இது செல்லாது, வெளிநாட்டவர் அட்டை வேண்டும் என்றார்கள். இன்னொரு வங்கியில் பாஸ்போர்ட் போதும் என்றார்கள். ஆனால் காலாவதி ஆகாத பாஸ்போர்ட். அவளுடையது வரும் வழியில் பஸ்ஸிலேயே காலாவதி ஆகியிருந்தது. மூன்றாவது இடத்தில் குடியிருக்கும் முகவரிக்கு மின்சார ரசீது கேட்டார்கள். ரசீது வீட்டுக்காரரின் செத்துப்போன அப்பா பேரில் வந்துகொண்டிருந்தது. அவரை எங்கே போய்க் கூட்டி வருவது?

அன்றைக்கு என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே முடியாதுன்னு சொன்னா அக்கா," என்றாள். "நான் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தப்ப நானும் இப்படித்தான் சிரிச்சிருப்பேன். யாரு முகமும் ஞாபகம் இல்ல."

இந்தச் சமயத்தில்தான் எதெல்வினா வருகிறாள். நல்ல மனசோடுதான் வந்தாள். அன்றைக்கு நல்ல மனசுதான் என்று நான் இன்றும் நம்புகிறேன். நசரேத்துக்கு முடி தோளுக்குக் கீழே வளர்ந்து சிக்குப் பிடித்துக் கிடந்தது. இன்னும் முதல் முடி வெட்டவில்லையா, ஞானத்தாய் யாரும் இல்லையா என்று எதெல்வினா கேட்டாள். எங்கள் மலைப்பக்கம் பிள்ளையின் முதல் முடியைச் சும்மா வெட்ட மாட்டோம். முடியைச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பிரித்து ரிப்பன் கட்டுவோம். முதல் பின்னலை வெட்டுகிறவள் ஞானத்தாய். பிறகு வந்தவர்கள் ஆளுக்கொன்றாக வெட்டித் தட்டில் பணம் போடுவார்கள். பிள்ளையின் வாழ்க்கைக்கு அதுதான் கைமுதல்.

யுலைமா வாயைப் பிளந்தாள். எங்கள் ஊரில் முடி வெட்டுகிறவனுக்கு நாங்கள் காசு கொடுப்போம், இங்கே தலைகீழாக இருக்கிறதே என்றாள். சந்தையே சிரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோழிக் கடை முன்னால், சந்தை ஜனம் முழுக்கச் சேர்ந்து வெட்டினோம். நானும் ஒரு பின்னல் வெட்டினேன். முதல் பின்னலை எதெல்வினா வெட்டினாள், வெட்டும்போதே அழுதாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. அந்தப் பின்னலை ஞானத்தாய்தான் வைத்துக்கொள்வாள். இந்தப் பிள்ளைக்கு நானும் பொறுப்பு என்பதற்கு அது அடையாளம். அன்றிலிருந்து அம்மாவும் ஞானத்தாயும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. எங்களிடம் அது கூடப்பிறந்தவளைவிட ஒரு படி மேல். கூடப்பிறந்தவளோடு சண்டை போடலாம், கொமாத்ரேயோடு போடக் கூடாது.

தட்டில் விழுந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யுலைமா முழித்தாள். எதெல்வினா, "என் கணக்குல போடு கொமாத்ரே. உன் காசு எனக்கு விஷம்," என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

பிறகு போனில் காசு அனுப்புகிற காலம் வந்தது. சில்லறை கொண்டுவருகிறவனே இல்லை. கியூஆர் அட்டை இல்லாத வண்டியில் யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். அட்டை வேண்டுமென்றால் கணக்கு வேண்டும். எதெல்வினா தன் கணக்கின் அட்டையையே ஒரு நகல் எடுத்து, யுலைமாவின் வண்டியில் டேப் போட்டு ஒட்டினாள். வாங்குகிறவர்கள் போனில் "எதெல்வினா வில்கபோமா" என்று பேர் வருவதைப் பார்த்து, இது யார் என்று கேட்பார்கள். "என் கொமாத்ரே" என்பாள் யுலைமா, பெருமையாக. சிலர் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாக அனுப்புவார்கள். எதெல்வினாவின் ஏப்ரன் பையில் போன் மணி அடிக்கும். கோழி வெட்டிய கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்து, "கொமாத்ரே, பத்து சோல் வந்திருக்கு," என்று கத்துவாள். எதிரிலிருந்து யுலைமா கையைத் தூக்குவாள். நாள் முழுக்க இதுதான் எங்கள் வரிசையின் பாட்டு. சனிக்கிழமை எதெல்வினா பணத்தை எடுத்துவந்து கையில் கொடுப்பாள். கணக்கு சுத்தமாக இருக்கும்.

அப்படி ஐந்து வருஷம் ஓடியது. நகராட்சிக் காவலர்கள் வரும்போதெல்லாம் யுலைமா கொதிக்கிற எண்ணெயோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவாள். ஒரு தடவை எண்ணெய் தளும்பி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்தது. அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மூலையில் தோன் அப்தோன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். தண்ணீர்க் குழாய், கேஸ், புகைபோக்கி, தலைக்கு மேல் கூரை. அவர் அரேகிப்பாவில் இருக்கும் மகளிடம் போகப் போகிறார் என்று பேச்சு வந்த நாளிலிருந்து யுலைமாவின் கண் அந்தக் கடையை விட்டு அகலவில்லை. அவரும் அவளிடம் சொல்லியிருந்தார், பாதியை முதலில் கொடு, உனக்காக நான் காத்திருக்கிறேன் என்று. மற்றவர்களுக்கு அது ஒரு கடை. யுலைமாவுக்கு அது ஓடாமல் நிற்கக் கிடைக்கிற இடம்.

அந்த வருஷமே அவளுக்கு வெளிநாட்டவர் அட்டையும் வந்தது. அட்டை வந்த மறுநாள் வங்கிக்குப் போனாள். தன் பேரில் கணக்கு. கார்டைக் கொண்டுவந்து என் கடைப் பலகையில் வைத்தாள். யுலைமா கொரோமோத்தோ உர்தானேத்தா என்று முழுப் பேரும் அதில் பொறித்திருந்தது. அவள் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பீட்ரூட் ஜூஸில் இரண்டு முட்டை அடித்து ஊற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. எதெல்வினாவும் வந்து கட்டிப்பிடித்தாள். ஆனால் வண்டியில் இருந்த பழைய அட்டையை உடனே கிழிக்க வேண்டாம், வாடிக்கைக்காரர்கள் குழம்பிப்போவார்கள், கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

அந்த மூலைக் கடைக்காக யுலைமா வங்கியில் கடன் கேட்கப் போனாள். வங்கிப் பெண் மரியாதையாகத்தான் பேசினாளாம். உங்கள் கணக்குப் போன வாரம் பிறந்தது, அதில் வரவும் இல்லை போக்கும் இல்லை, ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்றாளாம். ஐந்து வருஷமாக வியாபாரம் செய்கிறேனே என்றிருக்கிறாள் இவள். எங்கே, காட்டுங்கள் என்றாளாம். என் கொமாத்ரே கணக்கில் இருக்கிறது என்றதும், "அப்படின்னா அது உங்க கொமாத்ரேயோட வியாபாரம், சேன்யோரா," என்றாளாம்.

யுலைமா அதற்கும் கலங்கவில்லை. எதெல்வினா ஒரு நடை கூட வந்து, இந்த வரவெல்லாம் இவளுடையது என்று சொன்னால், மேலதிகாரியிடம் பேசிப் பார்க்கிறேன் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். எதெல்வினா உடனே ஒப்புக்கொண்டாள். திங்கட்கிழமை போகலாம் என்றாள். திங்கட்கிழமை கோழி லாரி தாமதமாகிவிட்டது. அடுத்த வாரம் முட்டி வலி. அதற்கடுத்த வாரம் அவள் ஊர்த் திருவிழா. யுலைமா அவளுடைய முட்டிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தாள். கடன்காரனைக் கண்டால் ஒளிகிற மாதிரி எதெல்வினா அந்த நாட்களில் எங்கள் இருவர் பார்வையிலும் படாமல் கோழிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். முட்டி வலிதான் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

ஒரு காலையில் தோன் அப்தோன் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு ஜூஸ் குடிக்க வந்தார். யுலைமா பக்கத்து ஸ்டூலில் இருந்தாள். கடை கைமாறிவிட்டது, வெள்ளிக்கிழமை அரேகிப்பாவுக்கு பஸ் ஏறுகிறேன் என்றார். யுலைமாவின் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"யாருக்குக் குடுத்தீங்க?" என்றாள்.

"என்னம்மா இப்படிக் கேக்கற? உன் கொமாத்ரேக்குத்தான். உனக்காக வாங்கறேன்னுல்ல சொன்னா. முழுசா எண்ணிக் குடுத்துட்டா."

அவர் பாவம், நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டு யாப்பாவுக்கு டம்ளரை நீட்டினார். நான் ஊற்றினேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

யுலைமா நேரே எதிர்க் கடைக்குப் போனாள். நானும் கையைக்கூடத் துடைக்காமல் பின்னால் போனேன். எதெல்வினா எங்களைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைக்கவில்லை, வெட்டிக்கொண்டே பேசினாள். வங்கியிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்களாம். உங்கள் கணக்கில் வருஷக்கணக்காக நல்ல ஓட்டம் இருக்கிறது, கடன் தருகிறோம் என்றார்களாம். கூப்பிட்டுக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியமா என்று கேட்டாள்.

"அது என் ஓட்டம் கொமாத்ரே," என்றாள் யுலைமா.

"உன்னதுதான். யாரு இல்லேன்னா? அதனாலதான் கடைய நம்ம வீட்டுக்குள்ளயே வாங்கிப் போட்டேன். வெளியாளு எவனாவது வந்து வாங்கியிருந்தா என்ன பண்ணியிருப்ப? நீ உள்ள நின்னு பொரி. வாராவாரம் கூலி குடுத்துடறேன். இனிமே தூறல்ல நிக்க வேணாம், ஓட வேணாம்."

கூலி. ஐந்து வருஷம் தன் சட்டியில் பொரித்தவளுக்கு.

யுலைமா வங்கியில் உட்கார்ந்தவள் அல்லவா, என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "கடன் குடுக்கறப்ப என்ன தொழில்னு கேட்டிருப்பாங்களே. என்ன சொன்னீங்க?"

கத்தி நின்றது.

"தெக்கேன்யோ போடறேன்னு சொன்னேன்," என்றாள் எதெல்வினா.

முட்டி வலிக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வரவெல்லாம் யுலைமாவுடையது என்று வங்கியில் வந்து சொன்னால் எதெல்வினாவின் கடன் கைநழுவிப் போய்விடும். அதனால் திருவிழாவும் கோழி லாரியும். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சும்மாவா சொல்கிறோம். கோழிக் கடைக்காரிக்கு அது பழகின வேலை. இதை நான் அவள் முகத்துக்கு நேரேயே சொன்னேன். அன்றோடு அவள் என் கடை ஜூஸ் குடிப்பதை விட்டுவிட்டாள். நல்லதாகப் போயிற்று.

யுலைமா திட்டவில்லை. வண்டிக்கு வந்து, பழைய கியூஆர் அட்டையை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். டேப் எண்ணெய் குடித்து ஊறிப்போயிருந்தது, பாதிதான் வந்தது. "அக்கா, எத்தன பேருக்கு நானே சொல்லியிருக்கேன்," என்றாள். "கணக்கு யாரு பேர்ல இருக்கோ பணம் அவங்களோடது, அப்பறம் வந்து அழக் கூடாதுன்னு. கவுன்ட்டர்ல உக்காந்து பாடம் மாதிரி சொல்லுவேன். இவங்ககிட்ட மட்டும் எனக்கு அது ஞாபகமே வரல. என் பொண்ணு தலையில கைய வெச்சவங்களாச்சே." அப்போதுதான் அவள் அழுதாள். புருஷனுக்கு அழாதவள் இதற்கு அழுதாள்.

சந்தை இரண்டாகப் பிரிந்தது. கூரை கிடைக்கிறதே, போய் நிற்க வேண்டியதுதானே, வந்த இடத்தில் இவ்வளவு வீம்பு எதற்கு என்றார்கள் சிலர். யுலைமா வீம்பும் பேசவில்லை, உள்ளேயும் போகவில்லை. புது அட்டையை ஒட்டிக்கொண்டு பழைய இடத்திலேயே நின்றாள். ஆனால் பழைய வாடிக்கைக்காரர்களின் போனில் பழைய எண்தான் பதிந்திருந்தது. வீட்டுக்குப் போய் அனுப்புகிறவர்கள் கை பழகினபடி எதெல்வினாவுக்கே அனுப்பினார்கள். யுலைமா அதைப் போய்க் கேட்டதில்லை.

கடை திறப்பு விழா வந்தது. எதெல்வினா விமரிசையாகத்தான் செய்தாள். மூலைக் கடைக்கு நீல வர்ணம், வாசலில் ரிப்பனில் தொங்குகிற ஷாம்பெயின் பாட்டில், அதை உடைக்க ரிப்பன் கட்டிய சுத்தியல், இரண்டு பெட்டி பீர். மலைப்பாட்டு ஸ்பீக்கரில் அலறியது. புதுக் கடைக்கும் எங்களிடம் ஒரு ஞானத்தாய் உண்டு. பாட்டிலை உடைக்கிற அந்த ஞானத்தாய் யார் என்று எல்லாரும் கேட்க, எதெல்வினா கூட்டத்தைப் பார்த்து, "நசரேத், என் செல்லம், வா. நீதான் உடைக்கணும்," என்றாள். பிள்ளைக்கு என்ன தெரியும்? குதித்துக்கொண்டு ஓடியது. சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கியது.

யுலைமா அடுப்பை அணைத்தாள். ஏப்ரனைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் நடந்து போனாள். வழிவிட்டார்கள். பிள்ளையின் கையிலிருந்து சுத்தியலை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள்.

"சேன்யோரா எதெல்வினா," என்றாள்.

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். கொமாத்ரேயைப் பேர் சொல்லி, அதுவும் முன்பின் தெரியாத அம்மாளைக் கூப்பிடுவதுபோலச் சேன்யோரா போட்டுக் கூப்பிட்டு எங்கள் சந்தையில் நான் கேட்டதில்லை. முகத்தில் துப்பியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

"நசரேத்தோட முடி உங்ககிட்ட இருக்கு. அதக் குடுத்துடுங்க."

எதெல்வினாவின் முகம் வெளுத்தது. "உன் காசுல நான் ஒரு சென்டிமோ தொட்டிருக்கேனா? எல்லாரு முன்னாடியும் சொல்லு."

"தொட்டதில்ல. காசத் தொட்டிருந்தா திருப்பிக் கேட்டிருப்பேன், நீங்களும் குடுத்திருப்பீங்க. அஞ்சு வருஷமா நான் வெயில்லயும் தூறல்லயும் நின்னேனே, அத நீங்க நின்னதா சொல்லிட்டீங்க. அத எப்படித் திருப்பிக் குடுப்பீங்க? முடியாது. அதனால முடிய மட்டும் குடுங்க."

எதெல்வினா கோழிக் கடைக்குப் போனாள். எடைத் தராசுக்கு மேலே, மாதாவின் படத்துக்குப் பின்னால் அது இருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி, வெட்டின அன்றைக்குக் கட்டிய அதே ரோஸ் ரிப்பன் போட்டு, ஒரு இழை கலையாமல் வைத்திருந்தாள். அந்த முடியைப் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிஷம் அவள்மேல் இரக்கம் வந்தது. யுலைமா வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அப்போது எதெல்வினாவின் பையில் போன் மணி அடித்தது. காலையில் தின்றுவிட்டுப் போன எவனோ வீடு சேர்ந்திருக்கிறான். எதெல்வினா யோசிக்கவே இல்லை, கை தானாகப் போனது, எடுத்துப் பார்த்தாள், அதே குரலில் கத்தினாள்.

"கொமாத்ரே, பன்னண்டு சோல் வந்திருக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. யுலைமா நின்றாள். கையைத் தூக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"அது உங்க கணக்கு சேன்யோரா," என்றாள். "உங்களுக்குத்தான் வந்திருக்கு."